கியர்பாக்ஸ் போடும் ‘டக்’

கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டே கண்டுபிடிக்க வேண்டிய ஒரு பழுதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். வானொலிக்கு ஏற்ற விஷயம்தானே!

இங்கிலாந்தில் 1961 முதல் 1965 வரை வந்த டிரையம்ஃப் டிஆர்4 கார். அந்த ரகக் கார்களை அங்கே ஒரு சின்னப் பட்டறையில் பல வருடம் பழுது பார்த்தவன் நான். அவற்றில் சில கார்களில் கியர்பாக்ஸின் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் ஓவர்டிரைவ். ஷெஃபீல்டில் லேகாக் நிறுவனம் செய்தது. எட்கர் டி நார்மன்வில் என்பவரின் வடிவமைப்பு. நான்காவது கியரில் 3000 சுற்றில் ஓடும் இன்ஜின், ஓவர்டிரைவ் போட்டதும் கார் வேகம் குறையாமலே 2460 சுற்றுக்கு இறங்கிவிடும். இரைச்சல் அடங்கும், பெட்ரோலும் மிச்சம். வேலை செய்வது எண்ணெய் அழுத்தம். அதற்கு வால்வைத் திறந்துவிடுவது சாலினாய்டு என்ற மின்காந்தம்.

ஓவர்டிரைவ் விழவில்லை என்று கார் வந்தால் நான் முதலில் ஸ்பேனரைத் தொட மாட்டேன். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி, நான்காவது கியரில் வைத்து, ஸ்டீயரிங் அருகே உள்ள சுவிட்சைத் தட்டுவேன். காலடியில் ‘டக்’ என்று கேட்டால் பெரும்பாலும் மின்சாரத்தில் குறையில்லை. எண்ணெய் அளவைப் பாருங்கள். கேட்கவில்லையா? டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு சுவிட்ச், ரிலே, கியர்பாக்ஸ் மேல்மூடியில் உள்ள சுவிட்சுகள், எர்த் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். விளக்கு எங்கே எரியாமல் போகிறதோ, அதற்கு முன்னால்தான் பழுது.

சாலினாய்டைப் பற்றித்தான் நான் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். உள்ளே இரண்டு காயில்கள். ஒன்று இழுக்கும் காயில். ஏறத்தாழ 17 முதல் 20 ஆம்பியர் வரை குடிக்கும். அது இழுக்கும் தண்டான பிளஞ்சர் முழுதாக உள்ளே வந்ததும் அதுவே ஒரு கான்டாக்டைத் தள்ளி, அந்தக் காயிலை அணைத்துவிடும். பிறகு பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவது காயில். அதற்கு ஒரு ஆம்பியர் போதும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்!

ஒருமுறை ஒருவர் மூன்றாவது சாலினாய்டும் கருகிப்போன காரோடு வந்தார். வேறொரு பட்டறையில் ஒவ்வொரு தடவையும் புதிதாக மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். நான் புதியதை மாட்டி, ஒயரில் ஆம்மீட்டரை இணைத்து, சுவிட்சைப் போட்டேன். முள் ஏறியது, இறங்கவே இல்லை. உடனே அணைத்தேன். சாலினாய்டு இழுக்கும் லீவர் சரியாகப் பொருத்தப்படாததால் பிளஞ்சர் கடைசி நூலளவு தூரம் உள்ளே போகவில்லை. இழுக்கும் காயில் அணையாமல் வெந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த லீவரில் ஒரு துளை உண்டு. சாலினாய்டு இழுத்து நிற்கும்போது 3/16 அங்குலக் கம்பி அந்தத் துளை வழியாகப் பெட்டியின் துளைக்குள் நேராக நுழைய வேண்டும். லீவரைத் தளர்த்தி அப்படி வைத்து முறுக்கினேன். மறுபடி சுவிட்ச். முள் துள்ளி ஏறி, உடனே ஒன்றுக்கு வந்து நின்றது. அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே, கருகிய சாலினாய்டைக் கழற்றினால், அது ஏன் கருகியது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள்.

நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து மனதில் வையுங்கள். சுவிட்சை அணைத்தும் ஓவர்டிரைவ் விடவில்லை என்றால், ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், லீவர் சிக்கியிருக்கலாம். எதுவானாலும் சரி, காரை ரிவர்ஸில் எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே ஒரு திசையில் மட்டும் சுற்றும் கிளட்ச் நொறுங்கிவிடும். முன்பக்கமாகவே ஓட்டி வந்து நிறுத்துங்கள்.