வயலுக்குள் ஒரு குழாய்

தஞ்சாவூர்ப் பக்கம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். பருவநிலை மாற்றத்தையும் மின்சாரச் சிக்கனத்தையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று பேசச் சொன்னார்கள். வழக்கமாக உருகும் பனிமலை, பனிக்கரடி என்று ஆரம்பிப்பார்கள். நம் பிள்ளைகள் பார்த்த ஐஸ் மீன்பெட்டியில் இருப்பதுதான். அதனால் நான் கரடியை விட்டுவிட்டு வயலுக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

நட்டு ஒரு மாதம் ஆன வயல். கணுக்கால் அளவு தண்ணீர். சேற்றில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினால் குபுகுபுவென்று குமிழி வரும். தண்ணீர் பாட்டிலை நிரப்பி, வாயில் புனலைச் செருகி, அந்தக் குமிழிக்கு மேலே தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்வேன். காற்று ஏற ஏறப் பாட்டிலில் தண்ணீர் இறங்கும். "சார், வயல் மூச்சு விடுது!" என்று ஒரு பையன் கத்தினான். அவன் பிடித்ததில் இருப்பது மீத்தேன். தண்ணீர் தேங்கியே கிடந்தால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் நெல் தாளைத் தின்று இதை வெளிவிடுகின்றன. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் தீக்குச்சி கொளுத்திச் சோதிக்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.)

அப்படியென்றால் நெல்லே போடக் கூடாதா என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத்தான் குழாய். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் பைப். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. துளைப்பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, உள்ளேயுள்ள சேற்றை வாரிவிட்டால், மண்ணுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மேல்மண் காய்ந்த மாதிரி தெரியும். தண்ணீர் அடியிலே நிற்கும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். நம் பெரியவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான், கையில் ஒரு ஸ்கேலோடு. இப்படி விட்டு விட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. களிமண்ணைப் பாளமாக வெடிக்கவும் விடக் கூடாது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஆடுதுறை 43 போட்டிருந்தார்கள். தாத்தா மோட்டார் போடப் போனார். "தாத்தா, இருங்க, தண்ணி இன்னும் எட்டு சென்டிமீட்டர்லயே நிக்குது" என்று மறித்திருக்கிறாள். "வயல் காயுது, நீ ஸ்கேல வச்சிக்கிட்டு நிக்கிற" என்று திட்டினாராம். ஆனாலும் அன்று மோட்டார் ஓடவில்லை. எனக்கு அது போதும்.

"கரண்ட் இலவசம்தானே சார், போட்டா என்ன?" என்று இன்னொருவன் கேட்டான். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட். பழைய சீலிங் ஃபேன் இரண்டு நாள் இரவு பகலாகச் சுற்றும் மின்சாரம் அது. விவசாயியிடம் காசு வாங்கவில்லை, சரி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியத்தானே செய்கிறது?

குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது பற்றியும் பேச நினைத்தேன். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். இதையெல்லாம் பருவநிலையின் தலையிலேயே கட்டக் கூடாது, அணை அரசியலும் உண்டு. அதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லத் தனி உரை வேண்டும். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள்.

ஆகவே நேயர்களே, எல்.இ.டி. பல்பு, ஃபேன் சுவிட்ச் எல்லாம் உங்களுக்கே தெரியும். இந்தக் குறுவைக்கு வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பிளம்பரிடம் மிச்சம் கிடக்கும் துண்டே போதும். துளையை மட்டும் பெரியவர்களே போட்டுக் கொடுங்கள்.