அளந்து பாராத அழுத்தம்



1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ஹோவர்டு புரூயன் என்னும் இதயநோய் மருத்துவர் முதன்முறையாகச் சோதித்தார். இரத்த அழுத்தம் 186/108 என இருந்தது, இதயமும் பெருத்திருந்தது. அதுவரை தலைவரைக் கவனித்து வந்தவரோ காது, மூக்கு, தொண்டை வல்லுநர். உலகப் போரை நடத்திய தலைவருக்கே கொடுக்கத்தக்க நல்ல மருந்து அந்நாளில் இல்லை. உப்பைக் குறைத்தனர்; ஓய்வு கொள்ளச் சொல்லினர். 1945 ஏப்ரல் 12ஆம் நாள் 'தலை வலிக்கிறது' என்று சாய்ந்தவர், மூளையில் குருதி கசிந்து அன்றே மறைந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190.

வயது ஏறினால் அழுத்தமும் ஏறுவது இயல்பே என்று மருத்துவர் பலரும் கருதிய காலம் அது. அவ்வெண்ணத்தை மாற்றியது, 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரேமிங்காம் என்னும் ஊரில் தொடங்கிய ஆய்வு. அவ்வூரார் 5,209 பேரை ஈராண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே வந்தனர். மாரடைப்புக்குப் பல்லாண்டுகள் முன்னரே உயர் அழுத்தமும், கொழுப்பும், புகைப்பழக்கமும் அதற்கு வழி சமைக்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருந்து இன்று தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. ஆயினும் அளந்து பார்ப்பவர் சிலரே. தலைசுற்றல் இல்லையே, எதற்குச் சோதனை என்பர். உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டாது. மருத்துவமனைப் படியேறிய மூச்சோடு அளப்பதும் பயன் தராது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்கையில் அளத்தல் வேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் காப்பியும் கூடாது. வேறுவேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அதுவே நோய்.

புலால் உண்ணாத இல்லத்துக்கு மாரடைப்பு வாராது என்னும் நம்பிக்கை சமணக் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. காய்கனியும் பயறும் இதயத்துக்கு நல்லனவே. ஆனால் ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றில் உள்ள உப்பு, புலால் நீக்கியதனால் குறைந்துவிடுவதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

நோன்பு நாட்களில்தான் கவலை மிகுதி. மாத்திரையும் உணவே என்று கருதி முதியோர் தாமே அதனை நிறுத்திவிடுகின்றனர், வீட்டாருக்கும் சொல்வதில்லை. நிறுத்திய சில நாட்களில் அழுத்தம் மீண்டும் ஏறும். சர்க்கரை மாத்திரையை உண்டுவிட்டு உணவை விடுவதோ சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும். நோன்புக்கு இரண்டு வாரம் முன்னரே மருத்துவரிடம் சொன்னால், பொழுது சாயுமுன் நாளுக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் மருந்தாக மாற்றித் தர இயலும். சிலருக்கு அளவைக் குறைப்பார். இதயம் தளர்ந்தவருக்கு, நீரும் பருகாத நோன்பு வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். பாரணை நாளன்று அழுத்தத்தை அளந்து குறித்து வைத்தால், அடுத்த நோன்புக்கு மருத்துவர் பார்க்க ஒரு கணக்கு இருக்கும்.