கையெழுத்து மாறும் வயது

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதுமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பேச்சாளன் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன். அதனால் வங்கியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு பெரியவர் மாதாமாதம் பென்ஷன் எடுக்க வருவார். ஒரு மாதம் அவருடைய கையெழுத்து எங்களிடம் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் போகவில்லை. திரும்பப் போடச் சொன்னேன். நான்கு தடவை போட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "இது உங்க கையெழுத்துதானா சார்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கை நடுங்குகிறவருக்கு விதியில் வழி இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத முதியவரும் நோயாளியும் பெருவிரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே பணம் கொண்டுவந்து தர ஏற்பாடு செய்யுங்கள் என்றும் 2017-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. ரேகை விதி எனக்கு அன்றே தெரியும். வாயில் வந்ததுதான் வேறு.

போன வருடம் நான் கொடுத்த ஒரு காசோலை திரும்பி வந்தது. காரணம்: கையெழுத்து வேறுபடுகிறது. அந்தச் சீட்டை மனைவி கண்ணில் படாமல் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். பணத்தைப் பற்றிய கவலை இல்லை. நான்தான் நான் என்று இனிமேல் எப்படிக் காட்டுவது என்று ஒரு பயம். ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். மகனிடமும் சொல்லவில்லை. ஒரகடத்தில் ஷிப்ட் வேலை, அவன் தூங்குவதே அபூர்வம் என்று எனக்கு நானே ஒரு சாக்கு.

ஒரு கிருத்திகை அன்று நம் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். இந்த ஊரைக் கோடைநகர் என்று அருணகிரிநாதர் பாடியிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று பஜனைக் குழுவினர் அவருடைய திருச்செந்தூர்ப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். சின்ன வயதிலிருந்து ராகம் தெரிந்த பாட்டு. அர்த்தம் அன்றுதான் காதில் விழுந்தது. தொந்தி சரிகிறது, முடி வெளுக்கிறது, பல் ஆடுகிறது, முதுகு வளைகிறது. கையில் கோல். யார் இந்தக் கிழவன் என்று பெண்கள் சிரிக்கிறார்கள். இருமல், குழறும் பேச்சு, மங்கிய கண், கேட்காத காது. ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. அப்புறம் வருகிறது பாருங்கள்: உடைமை என்ன, கடன் என்ன என்று பிள்ளைகள் நெருக்குகிறார்கள்! பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஐந்தொகை கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கோயிலிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா முறைத்தார்.

அன்று ராத்திரி மகன் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். பஞ்சாங்கத்திலிருந்து சீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்காகத்தான் ஒரு மாசமா சரியா சாப்பிடாம இருந்தீங்களாப்பா?" என்றான். மனைவிக்கு என் மேல் கோபம்; இரண்டு நாள் பேசவில்லை. அது நியாயம்தான்.

பிறகு வங்கிக்குப் போய்ப் புது மாதிரிக் கையெழுத்துக் கொடுத்தேன். கை இப்போது எப்படி எழுதுகிறதோ அப்படியே, சுழி கிழி எதுவும் இல்லாமல். வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு டெபாசிட், நாமினி, லாக்கர் சாவி எல்லாம் எழுதி, மூவரும் உட்கார்ந்து படித்தோம். பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் அப்புறமும் கேட்டு வாங்கலாம். ஆனால் இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்கள்?

கடன் என்ற தலைப்பில் எழுத ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். அப்போது அந்தப் பென்ஷன் பெரியவர் ஞாபகம் வந்தார். பெயர் மறந்துவிட்டது. அந்த நான்கு கையெழுத்தும் அப்படியே கண்ணில் நிற்கின்றன.

உங்களில் யாருக்காவது கையெழுத்துத் தகராறு இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், வங்கிக்குக் கூட வருகிறேன். செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.