காடும் குடும்பமும் வரலாறும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில், துணுக்காயில் நிகழ்த்திய உரை)



சமய மன்றத்தின் மேடையிலே ஒரு நாவலைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். நமது முன்னோர் காட்டுக்குள் புகுமுன் வழியோரத்திலே ஒரு குழையை முறித்துத் தொங்கவிட்டு, பிள்ளையாரையும் ஐயனாரையும் நினைத்துக்கொண்டே அடியெடுத்து வைத்தார்கள். அவ்வாறு காட்டை மதித்து வாழ்ந்த மக்களின் கதையைச் சொல்வதும் ஒரு தொண்டு என்றே நான் கருதுகின்றேன்.

அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973 ஆம் ஆண்டில் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. நமது மாவட்டத்துத் தண்ணிமுறிப்பே அதன் களம். கோணாமலையரின் மகன் கதிராமன், காட்டை நன்கு அறிந்த வேட்டைக்காரன். ஆதரவற்ற பதஞ்சலியை அவன் கைப்பிடிக்கிறான். தந்தையின் சினத்துக்கு ஆளாகிறான். வீட்டை விட்டு வெளியேறி, தன் கைகளையே நம்பிக் காடு வெட்டிப் புதுவாழ்வு தொடங்குகிறான். பிறகு அக்கிராமத்துக்கு ஆசிரியராக வரும் சுந்தரத்தின் நட்பு அந்தக் குடிசைக்குள் ஒரு சோதனையைக் கொண்டு வருகிறது. அதன் முடிவை நான் சொல்லப் போவதில்லை. நீங்களே படித்து அறியுங்கள்.

இந்நாவலிலே வீரச்செயல் எங்கே இருக்கிறது? யானையும் கரடியும் உலாவும் காட்டிலே நடப்பது வீரந்தான். ஆனால் தகப்பனை எதிர்த்து நிற்பவன் தகப்பனை வெறாமல் இருப்பதும், பிழை செய்த மனிதரைப் பொறுத்துக்கொள்வதும் அதனினும் பெரிய வீரமாகும். காடு கதிராமனின் உடலைச் சோதிக்கிறது. குடும்பம் அவன் உள்ளத்தைச் சோதிக்கிறது.

இதனோடு ஒப்பிட வேறொரு நூலும் உண்டு. இலங்கையில் 1904 முதல் 1911 வரை சிவில் சேவை உத்தியோகம் பார்த்த லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர், அம்பாந்தோட்டைக் காட்டுப்புறத்தை வைத்து எழுதிய நாவல் 1913 இல் வெளிவந்தது. அதிலும் ஒரு வேட்டைக்காரன். அதிலும் குடும்பத் துயரம். ஈற்றிலே காடு கிராமத்தை விழுங்கி விடுகிறது. அவர் மக்கள்மீது இரக்கங் கொண்டவர்தான். ஆயினும் அவருக்குக் காடு அச்சமூட்டும் இருளாகவே தோன்றியது. பாலமனோகரனுக்கோ அது உணவு தரும், சில வேளை அடிக்கவுஞ் செய்யும் தாய். வந்து போனவரின் பார்வைக்கும் பிறந்து வளர்ந்தவரின் பார்வைக்கும் உள்ள வேற்றுமை இது.

இனி, பழைய வரலாற்றுக்கு வருவோம். தண்ணிமுறிப்புக் குளம் பழமையானது. அதன் அயலிலே பழைய இடிபாடுகளைக் கொண்ட குருந்தூர் மலை நிற்கிறது. நமது பக்கத்து வவுனிக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலியாற்றை மறித்துக் கட்டிய இக்குளமே மகாவம்சக் கதையில் வரும் பேலிவாபி என்று, நீர்ப்பாசன அதிகாரியாகவிருந்த பாக்கர் 1909 இல் வெளியிட்ட தம் நூலிலே கருதினார். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள அணைக்கட்டிலேதான் நாம் அன்றாடம் சைக்கிள் ஓட்டுகிறோம்! கற்சிலைமடுவிலே 1803 ஒக்டோபர் 31 ஆந் திகதி பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைக் குறித்த கல்லையும் நீங்கள் அறிவீர்கள். அவன் கதையை முல்லைமணி நாடகமாக்கித் தந்தார்.

இளைஞர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. நாடகமும் நாவலும் வரலாற்றுக்கு உயிர் கொடுக்கும், சான்று கொடுக்கமாட்டா. குருந்தூர் மலையைப் பற்றி 2018 முதல் எழுந்த பிணக்குகளை எல்லோரும் அறிவோம். அங்கே ஆத்திரம் மட்டும் நமக்குத் துணை வராது. கல்வெட்டைப் படிக்கவும், குளத்தை அளக்கவும், பழைய அறிக்கையை ஆராயவும் கற்றவனே நிதானமாகப் பேச முடியும். தமிழரிடையே பௌத்தமும் தழைத்த காலம் உண்டு என்பதை மணிமேகலையைப் படித்த எவரும் மறுக்கமாட்டார். உண்மை எதுவாயினும் அதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

நாவலிலே வாழ்ந்த தண்ணிமுறிப்பு மக்கள் 1984 இல் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. எழுத்தாளரும் பின்னாளில் டென்மார்க்கிலே குடியேறினார். 2008 இல் துணுக்காயும் மல்லாவியும் இடம்பெயர்ந்தபோது, பெட்டியிலிருந்த ஓலையும் கொப்பியும் படமும் எத்தனை வீடுகளில் அழிந்தன என்பதை இங்கிருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். ஊர் காலியான பிறகும் தண்ணிமுறிப்பின் பேச்சும் நடப்பும் ஒரு புத்தகத்துக்குள்ளே மிஞ்சியிருக்கின்றன. அப்படி எழுதிவைக்க ஆளில்லாத ஊர்களுக்கு என்ன மிஞ்சியது?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அப்பு, ஆச்சியிடம் ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். எந்தக் காட்டை எந்த ஆண்டில் வெட்டினார்கள், எந்த மரத்தடியில் முதற் பொங்கல் வைத்தார்கள், அண்ணன் தம்பிக்குள் எல்லைச் சண்டை எப்படி வந்து எப்படித் தீர்ந்தது என்றெல்லாம் கேட்டு, ஒரு கொப்பியிலே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் திகதியையும் குறியுங்கள். பெரியோர்களே, ‘அதெல்லாம் எதுக்கடா இப்ப’ என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டு மலரிலே அத்தகைய பத்துக் கட்டுரைகளாவது வரவேண்டும். அவற்றிலிருந்து நாளைக்கு ஒரு நாவலும் பிறக்கலாம். ஒரு வரலாறும் பிறக்கலாம். எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் துணை நிற்பதாக.