தொற்றுக் காலமும் மாணவர் அவசர நிதியும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பெருநோய் பரவும் காலத்தில் பல்கலைக்கழக மாணவருக்குப் பண உதவி செய்வது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். சொல்ல விழைவது ஒன்றே. துன்பம் வந்த பின்னர் திரட்டத் தொடங்கும் நிதி பெரும்பாலும் துன்பம் போன பின்னரே கைக்கு வருகிறது. ஆதலின் நிதியையும் அதனைப் பகிரும் விதியையும், துன்பமில்லாத இந்நாளிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் நடுப்பகுதியில் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மார்ச் 20இல் ஊரடங்கு பிறந்தது. அக்காலம் நாம் பாடசாலை மாணவர். பல்கலைக்கழகத்திற் பயின்ற எமது அண்ணன்மாரும் அக்காமாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினர். பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் வழியாக நடந்த விரிவுரைகளுக்குக் கட்டணமின்றி இணையம் வழங்கப்பட்டது. அது நன்றியுடன் நினைக்கத்தக்க ஏற்பாடே. ஆயினும் கைப்பேசியே இல்லாதவனுக்கும், ஒரே கைப்பேசியைத் தம்பி தங்கையருடன் பகிர்ந்தவளுக்கும் அது போதவில்லை.

இனி, இக்கரையோரத்தைப் பாருங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதற்கு அடுத்தாற்போல் பாலமுனை. கடலை நம்பியும் வயலை நம்பியும் வாழும் ஊர்கள் இவை. 2020 அக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் தொற்றுப் பரவியதும், மீன் என்றாலே மக்கள் அஞ்சினர். நவம்பர் மாதத்தில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி பத்திரிகையாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்துக் காட்டி, அஞ்ச வேண்டாமென்று கூறும் நிலை வந்தது. அம்மாத இறுதியில் அக்கரைப்பற்றுப் பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது. பாலமுனை வைத்தியசாலை கொவிட் நோயாளரைப் பராமரிக்கும் நிலையமாயிற்று.

மீன் விலைபோகாத வீட்டில் பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று இருந்தால் அதன் நிலை என்ன? நமது நாட்டில் மாணவருக்கென்று மகாபொல உண்டு. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்று, லலித் அத்துலத்முதலி அவர்களின் பெயரை இன்றளவும் நிலைநிறுத்தும் அரிய திட்டம் அது. 2020இல் அதன் உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய். 2025இல் 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய பணம் அது. ஆனால் அது பெற்றோரின் வருமானத்தையும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றையும் பல்கலைக்கழகம் புகும் வேளையிலேயே பார்த்துத் தெரிவு செய்கிறது. நுழைந்தபோது ஓரளவு வசதியாயிருந்து, இரண்டாம் வருடத்தில் திடீரெனத் தொழில் இழந்த குடும்பம் அந்தக் கணக்கில் அகப்படாது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கிய 5,000 ரூபாயும் குடும்பத்தைக் கணக்கெடுத்ததேயன்றி, அக்குடும்பத்தின் மாணவனைத் தனியே கணக்கெடுக்கவில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் போன அப்பணத்தில் கைப்பேசிக்கு ரீலோட் போடுவது எப்படி?

பிற நாட்டார் என்ன செய்தனர்? அமெரிக்காவில் 2020 மார்ச் 27இல் நிறைவேறிய சட்டம் உயர்கல்விக்குச் சுமார் 1,400 கோடி டொலர் ஒதுக்கியது. கல்லூரிகளுக்கு நேரே சென்ற பங்கிற் பாதியேனும் மாணவர் கையிற் பணமாகச் சேரவேண்டும் என விதித்தது. ஆயினும் யார் தகுதியுடையோர் என்ற வினா எழுந்து, வெளிநாட்டு மாணவர் முதலியோர் விலக்கப்பட்டனர். ஜேர்மனியில் மாதம் 100 முதல் 500 யூரோ வரை கொடுத்தனர். வங்கிக் கணக்கில் எஞ்சியிருந்த தொகையைப் பார்த்தே உதவியை அளந்தனர். அளவுகோல் நேர்மையானது, ஆனால் விண்ணப்பம் ஏற்கத் தொடங்கியதோ ஜூன் நடுப்பகுதியில். கனடா மே முதல் ஓகஸ்ட் வரை நான்கு வாரத்துக்கு 1,250 டொலர் கொடுத்தது. மாணவரின் உறுதிமொழியை முதலில் ஏற்றுக்கொண்டு, சரிபார்த்தலைப் பின்னுக்கு வைத்தது. இம்மூன்றிலும் நாம் கற்கவேண்டியது கனடாவின் முறையே. பசித்தவன் பசியை நிரூபிக்கும் வரை சோற்றை மூடி வைப்பது நம் ஊர் வழக்கமுமன்று.

பெரியோர்களே, “இது அரசாங்கத்தின் கடமை அல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். ஆம், கடமைதான். மாதாமாதம் படிப்பிக்கும் பெருஞ்செலவை ஒரு மன்றம் தாங்க முடியாது. நாம் கேட்பது அரசாங்கத்தின் உதவி வந்து சேரும் வரையுள்ள இடைவெளியை நிரப்பும் சிறு தொகை. நூறு அங்கத்தவர் மாதம் 100 ரூபாய் வீதம் சேர்த்தால் ஆண்டுக்கு 120,000 ரூபாய். 24 மாணவருக்குத் தலா 5,000 ரூபாய் உடனே கொடுக்கலாம். ஆண்டு மலருக்குக் கடை கடையாக ஏறி விளம்பரம் சேர்க்கும் நமக்கு இது இயலாத காரியமா?

“பொய் சொல்லிப் பணம் பெறுவோர் வருவாரே” என்றும் கேட்கலாம். வருவர். பத்துப் பேரில் ஒருவன் ஏமாற்றினால் நட்டம் 5,000 ரூபாய். அவனுக்கு அஞ்சி ஒன்பது பேரைக் காக்க வைத்தால், அவர்களுள் ஒருத்தி பரீட்சையைத் தவறவிட்டுப் படிப்பையே விட்டு நிற்கக்கூடும். எந்த நட்டம் பெரிது என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகின்றோம்.

ஆகவே நான்கு விதிகளை இம்மன்றத்தின் முன் வைக்கின்றோம். ஒன்று: விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளுள் பணம் போய்ச் சேர வேண்டும். இரண்டு: விரிவுரையாளர் ஒருவரும் மன்ற அங்கத்தவர் ஒருவரும் சொல்லும் சொல்லே முதலிற் போதும், கிராம உத்தியோகத்தரின் கடிதம் பின்னர் வரட்டும். மூன்று: உதவி பெற்றவரின் பெயரை மலரிலோ மேடையிலோ வெளியிடலாகாது. நாம் பயின்ற மிஷன் பாடசாலையிற் கொப்பி வாங்க வழியற்ற பிள்ளையை ஆசிரியர் தனியே அழைத்துக் கொடுப்பார். வகுப்பிற் பெயர் சொல்லமாட்டார். கணக்கை மட்டும் ஆண்டுக் கூட்டத்தில் வாசிப்போம்.

நான்காவது விதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உதவி கேட்பவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று கேட்கலாகாது. எம்மிற் சிலர் இன்று பாலமுனையில் வாடகை அறையில் இருந்து படிக்கின்றோம். அறை தந்தவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். பல்கலைக்கழகம் மூடினால் எமக்கு அறை வாடகை கொடுக்க வழியில்லை. வாடகை வராவிடில் அவ்வீட்டு உம்மாவுக்கு அடுப்பெரிய வழியில்லை. மாணவன் கையிற் சேரும் 5,000 ரூபாய் அந்த வீட்டையும் தாங்குகிறது. நோய் எங்களைப் பிரித்து எண்ணவில்லை. நிதியும் பிரித்து எண்ணக் கூடாது.

அடுத்த தொற்று எந்த ஆண்டில் வருமென்று எவரும் சொல்ல வல்லாரல்லர். மாரி வருமுன் கூரை வேய்வது நம் முன்னோர் கற்பித்த புத்தி. வருகின்ற செயற்குழுக் கூட்டத்திலேயே இந்நிதிக்கு ஒரு வங்கிக் கணக்கைத் திறக்கும் தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகின்றோம். முதல் மாதத்துச் சந்தாவை மாணவராகிய நாங்களே இன்று பொருளாளரிடம் ஒப்படைக்கின்றோம்.