29சி போன தடம்

 பெரம்பூரில் கூடியிருக்கும் இந்தக் கூட்டத்தில் விழாத் தலைவரின் நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது. அவர் மறக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆறு மணிக்கே எழும்பூரில் காரில் ஏறிவிட்டார். இப்போது மணி ஏழு. புரசைவாக்கத்தில் நிற்கிறார். எழும்பூருக்கும் பெரம்பூருக்கும் நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆகவே இன்றைய தலைப்பை யாரும் தேட வேண்டியதில்லை. அது புரசைவாக்கம் சிக்னலில் தானே வந்து நிற்கிறது: நகரப் போக்குவரத்து.

கல்கத்தாவில் 1984 அக்டோபர் 24ஆம் நாள் இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது. அந்தப் பெட்டிகளை எந்த ஊரில் கட்டினார்கள்? லண்டனிலா, ஜப்பானிலா? இதோ, இந்த மேடைக்குக் கூப்பிடு தூரத்தில், 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில்! இங்கே தட்டாமல் வேறு எங்கே கை தட்டுவது? அந்தப் பெட்டிக்கு வெல்டிங் வைத்தவர்கள், வயர் இழுத்தவர்கள், வண்ணம் பூசியவர்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்த வெல்டர் தன் ஊரில் ஒரு மெட்ரோ ரயிலைப் பார்க்க எத்தனை வருடம் காத்திருந்தார்? கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் வண்டி கிளம்பியது 2015 ஜூன் 29. முப்பது வருடத்துக்கு மேல்! அந்த வண்டியும் பெரம்பூரில் கட்டியதில்லை. முதல் ஒன்பது ரயில்கள் பிரேசிலில் செய்து கப்பலில் வந்தவை. இன்னொன்று கேளுங்கள். பம்பாய்ப் புறநகர்ப் பாதையில் ஏ.சி. மின்சார ரயில் 2017 கிறிஸ்துமஸ் நாளில் ஓடியது. அதுவும் இங்கே கட்டியதுதான். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு அப்படி ஒரு ரயில் ஓடியது 2025 ஏப்ரலில். ஊருக்கெல்லாம் வண்டி கட்டிக் கொடுத்த பேட்டை, தன் வீட்டுக்குப் போக ஃபுட்போர்டில் தொங்கியது.

தொங்கியது எதில்? 29சி! ஆமாம், சத்தமாகச் சொல்லுங்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போகும் பேருந்து. கல்லூரிக்குப் போனவர்கள், ஸ்டெல்லா மாரிஸ் நிறுத்தத்தில் யாரோ இறங்குவதற்காகவே அந்த வண்டியில் ஏறியவர்கள், பெசன்ட் நகர்க் கடற்கரையில் காலை நனைத்துவிட்டுத் திரும்பியவர்கள், எத்தனை தலைமுறை! இந்தப் பேட்டையின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் போகிறவர் அந்த வண்டியில் ஏறித்தான் தொடங்க வேண்டும்.

அந்த வண்டியில் ஒரு நடத்துநர் இருந்தார். பெயர் இந்த மேடையில் வேண்டாம். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. காலை எட்டரை மணிக் கூட்டத்தில், படியில் நிற்கும் பையன்களைத் திட்டாமல், ஒவ்வொருவரின் பையையும் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் வைப்பார். பை உள்ளே போனால் பையனும் உள்ளே போவான். அதற்குப் பிறகுதான் டபுள் விசில். 2015 டிசம்பர் மழையில் சாலை எது, கால்வாய் எது என்று தெரியாத ஒரு தெருவில், குச்சியால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேருந்துக்கு முன்னால் நடந்தவர் அவர். பின்னால் டிரைவர் அங்குலம் அங்குலமாக வந்தார். வண்டிக்குள் அறுபது பேர். அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த நகரில் மாநகரப் பேருந்துகள் மூவாயிரத்துச் சொச்சம். அவற்றில் ஒரு நாளைக்கு ஏறி இறங்குகிறவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல். வகுத்துப் பாருங்கள், ஒரு பேருந்து ஒரு நாளில் ஏறத்தாழ ஆயிரம் பேரைச் சுமக்கிறது. மூன்று கார் நிற்கும் இடம் ஒரு பேருந்துக்குப் போதும். அந்த மூன்று காருக்குள் எத்தனை பேர்? பெரும்பாலும் நாலு, மிஞ்சினால் ஐந்து. அதே இடத்தில் பேருந்து எழுபது பேரை வைத்துக்கொண்டு, அந்த நாலு பேருக்குப் பின்னால் ஹாரன் அடித்தபடி நிற்கிறது. இது என்ன நியாயம்? சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணுகிறார்கள். எத்தனை ஆள் போகிறார்கள் என்று எண்ணட்டும்! அப்படி எண்ணத் தொடங்கிய அன்றே அண்ணா சாலையில் பேருந்துக்கென்று ஒரு தடம் கோடு போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

சிலர் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். நெரிசல் என்று வாயைத் திறந்தால் போதும், மேம்பாலம் என்பார்கள். ஜெமினி ஸ்டூடியோ வாசலில் 1973இல் மேம்பாலம் வந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது, பெருமைதான், மறுக்கவில்லை. கத்திப்பாராவில் 2008இல் பூ இதழ் போல ஒன்று வந்தது, அழகுதான். ஆனால் பாலத்தின் மேலே பறந்து வருகிறவன் இறங்குமிடத்தில் அடுத்த சிக்னலில் நிற்கிறான். அகலமான சாலை புதிய வண்டிகளைக் கூப்பிட்டுக்கொள்ளும். தண்ணீர் கண்ட இடத்தில் தவளை சேருவதைப் போல, இடம் கண்ட சாலையில் கார் சேரும். இதைச் சொன்னால், வளர்ச்சிக்கு எதிரி என்று பட்டம் கட்டுகிறார்கள். காலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில், நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில், டிபன் டப்பாவோடு நிற்கிற பெண்ணிடம் வந்து சொல்லுங்கள் அந்த வளர்ச்சியை!

தென்கொரியாவின் சியோல் நகரத்தில் சொங்கேசொன் என்று ஓர் ஓடை. அதை மூடி, அதன் மேல் உயர்சாலை கட்டியிருந்தார்கள். 2003இல் அந்த உயர்சாலையை இடித்தார்கள். 2004இல் நகரப் பேருந்துகளின் வழித்தடங்களை மாற்றி அமைத்து, சாலையின் நடுவே பேருந்துக்குத் தனித்தடம் விட்டார்கள். 2005இல் ஓடை திறந்தது. குழந்தைகள் கால் நனைத்தார்கள். நகரம் நின்றுபோய்விடவில்லை. இங்கே? பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் படகில் நெல்லும் உப்பும் விறகும் வந்தன. அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூணை இறக்கிப் பறக்கும் ரயிலைக் கட்டினார்கள்.

அந்தப் பறக்கும் ரயிலின் கதையையும் கேட்டுவிடுங்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995இல் ஓடியது. மயிலாப்பூர் வந்தது 1997இல். வேளச்சேரி வந்தது 2007இல். அடுத்துப் பரங்கிமலை. வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் ஓர் அரைக் கிலோமீட்டர் நிலத் தகராறில் சிக்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. அன்று முதல் தூண் எழுவதைப் பார்த்த பள்ளிப் பிள்ளை வேலைக்குப் போய்விட்டான், அப்போதும் பாதை முடிந்திருக்கவில்லை. நடுவில் 2023 ஆகஸ்டில், நாலாவது தண்டவாளம் போட வேண்டும் என்று கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில் திரும்பி வந்தது, பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதமும் மூர் மார்க்கெட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி எப்படிப் போனார்கள் என்று யார் கேட்டது? பேருந்தில்தான் போனார்கள். அங்கேயும் ஒரு நடத்துநர் நின்று, முன்னாடி போங்க, முன்னாடி போங்க என்று தொண்டை கட்டக் கத்தினார்.

இத்தனைக்கும் 1895இல் இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் ஓடியது சென்னைத் தெருவில். கல்கத்தாவுக்கு மின்சார டிராம் வர இன்னும் ஏழு வருடம் ஆனது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டாயிற்று. நாட்டுக்கே வழிகாட்டிய ஊர் இது! டிராம் கம்பெனி நொடித்து, 1953இல் வண்டிகள் நின்றன. பிறகு தண்டவாளங்களும் போயின. அந்தத் தண்டவாளத்தைக் காப்பாற்ற வழி கண்டிருந்தால் இன்று தலைவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஊரோ விரிந்துகொண்டே போகிறது. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022இல் பெருநகரப் பகுதியை 1,189இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக்க அரசாணை வந்தது. வரைபடத்தில் கோடு இழுப்பது ஒரு நாள் வேலை. அந்தக் கோட்டின் ஓரத்தில் குடியேறியவர் தினமும் உள்ளே வந்து போக வேண்டுமே! கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். வீடு அங்கே போய்விட்டது. பாத்திரம் தேய்க்கும் வேலை மயிலாப்பூரிலேயே இருக்கிறது. அந்தத் தாய்மார்களுக்கு 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் எவ்வளவு பெரிய காரியம் என்பது, மாதக் கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணியவர்களுக்குத்தான் தெரியும். அதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிற சில கனவான்கள் உண்டு. அவர்கள் கார் நிறுத்தும் தெருவோரத்துக்கு வாடகை கொடுக்கிறார்களா? பொதுமக்களின் சாலையில் பாதியை இரவும் பகலும் சும்மா வைத்திருக்கிறார்களே, அது என்ன?

கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று பெரிய பேருந்து முனையம் திறந்தார்கள். கட்டடம் பிரமாதம். ஆனால் கண்ணெதிரே ஓடும் புறநகர் ரயில் அன்று அங்கே நிற்கவில்லை. நிற்க ஒரு நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு வந்து இறங்கிய பெரியவர் பெட்டியும் பையுமாக என்ன செய்வார்? முனையம் கட்டும் அன்றே ரயில் நிலையத்துக்கும் அடிக்கல் வைத்துச் சேர்த்தே கட்டியிருக்க வேண்டாமா? பேருந்து ஒருவர் பொறுப்பு, ரயில் ஒருவர் பொறுப்பு, மெட்ரோ ஒருவர் பொறுப்பு, நடைபாதை இன்னொருவர் பொறுப்பு. எல்லோரையும் சேர்த்து உட்கார வைக்க ஒரு போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்று 2010இலேயே சட்டம் போட்டார்கள். பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தருகிற சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் வந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல இந்த மேடை தயங்காது. தாமதம் என்று சொல்லவும் தயங்காது.

இப்போது புரசைவாக்கத்துக்குத் திரும்புவோம். தலைவர் ஏன் நிற்கிறார்? மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகத் தெருவைத் தகரத்தால் அடைத்திருக்கிறார்கள். மொத்தம் 119 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதில் மாதவரம்–சிப்காட் தடம் எந்த வழியாகப் போகிறது, கேளுங்கள். பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு! எங்கேயோ கேட்ட வரிசையாக இல்லை? கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் அது 29சி போன தடம்! எத்தனையோ நிபுணர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பாதையை, அந்த நடத்துநர் சட்டைப் பையில் டிக்கெட் கட்டோடு வைத்திருந்தார். கூட்டம் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது அவருக்கு நிறுத்தம் நிறுத்தமாகத் தெரியும். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

மெட்ரோ வரட்டும், வரவேற்போம். ஆனால் அது வந்ததும் கீழே ரயில் ஓடுகிறதே, மேலே பேருந்து எதற்கு என்று ஒரு குரல் கிளம்பும். அப்போது பெரம்பூர் சும்மா இருக்கக் கூடாது. ரயிலடிக்கு நடந்து போக முடியாத பாட்டிக்கு வீட்டு முனையில் நிற்கும் வண்டி வேண்டும். ஸ்டேஷன் வாசலில் ஏறிக்கொள்ளச் சிற்றுந்து வேண்டும். அதுவரை நடக்க, பைக் ஏறாத, மின்பெட்டி மறிக்காத நடைபாதை வேண்டும்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறது. அதில் ஒரு மனு. கேட்டிருப்பது மூன்றே விஷயம்: மெட்ரோ வேலை முடிந்து தகரம் எடுக்கும் நாளில், அந்த இடத்தைக் காருக்குக் கொடுக்காமல் பேருந்துத் தடமும் நடைபாதையும் போட வேண்டும்; 29சி எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது; ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிழற்குடை வேண்டும். முதல் கையெழுத்து யாருடையது என்று போகும்போது பாருங்கள். ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவருடையது. மூன்றாவது வரிசையில், தூண் ஓரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஐயா, எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்கள். தலைவர் வந்து சேரும்வரை மேடையில் காலியாக இருக்கும் அந்த நாற்காலி உங்களுடையது. யாராவது அவரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வாருங்கள்.