எச்சரிக்கையை அடக்குதலும் குறையைத் தீர்த்தலும்



சி மொழியிலே நிரல் எழுதுவோர் பலர், கம்பைலர் தரும் எச்சரிக்கையைப் பிழையன்று எனக் கருதித் தள்ளிவிடுகின்றனர். அல்லது ஏதேனும் ஒரு சொல்லைச் சேர்த்து அதன் வாயை அடைத்துவிடுகின்றனர். இவ்வழக்கம் எத்துணைத் தீங்குடையது என்பதை ஒரு சிறு விடயங் கொண்டு விளக்க விழைகின்றேன். அது இழைக்குரிய சேமிப்பு என்பது.

த்ரெட் எனப்படும் இழைகள் பல, ஒரே நிரலுள் ஒருங்கே வேலை செய்யும். மாணவர் விடுதியிலே ஒவ்வொருவர் மேசையிலும் மூன்றாம் லாச்சி உண்டு. பெயர் ஒன்றே, உள்ளிருப்பதோ அவரவர் பொருள். இழைக்குரிய சேமிப்பும் அத்தகையதே. 1995ஆம் ஆண்டின் பொசிக்ஸ் இழை நியமத்தின்படி, சாவி எல்லா இழைகளுக்கும் பொது. பித்ரெட் செட்ஸ்பெசிபிக் என்பதால் இடுவதும், பித்ரெட் கெட்ஸ்பெசிபிக் என்பதால் எடுப்பதும் அவ்வவ்விழைக்கே உரியன. ஆயின் அந்த லாச்சி, சுட்டி எனப்படும் முகவரியை வைப்பதற்கென்றே அமைந்தது. தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது.

முதலாவது, அதனுள் ஓர் எண்ணை வைக்க முயல்வது. 32 பிட் கணினியில் இன்ட் என்னும் எண்ணும் சுட்டியும் 4 பைட்டே. ஆதலின் யாதொரு குறையும் தோன்றவில்லை. இன்றைய 64 பிட் கணினியிலோ எண் 4 பைட், சுட்டி 8 பைட். "அளவு ஒவ்வாது" என்று கம்பைலர் எச்சரிக்கின்றது. 1999ஆம் ஆண்டின் சி நியமம் தந்த இன்ட்பிடிஆர்-டி என்னும் வகையின் வழியாக, இடும்போதும் எடுக்கும்போதும் எண்ணை மாற்றிக்கொண்டால் எச்சரிக்கை நீங்கும், எண்ணும் சிதையாது. பூச்சியத்தை வைத்தாலும், ஒன்றுமே வையாதிருந்தாலும் கிடைப்பது ஒன்றே என்பதை மாத்திரம் மறவாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது கொடியது. லாச்சியில் வைத்தது முறையான சுட்டியே. எடுக்கும்போதோ "எண்ணைச் சுட்டியாக்குகின்றாய்" என்று எச்சரிக்கை வருகின்றது. காரணம் யாது? பித்ரெட் தலைப்புக் கோப்பை நிரலின் முகப்பில் சேர்க்கவில்லை. அறிவிக்கப்படாத சார்பு இன்ட் எண்ணையே தரும் என்பது சி மொழியின் பழைய விதி. ஆகவே 8 பைட் முகவரியின் மேற்பாதி அறுந்துபோகின்றது. இங்கே வகைமாற்றம் ஒன்றை எழுதினால் எச்சரிக்கை அடங்கும். அறுந்த பாதி மீளாது. முகவரி சிறிதாயிருக்கும் பொறியில் நிரல் நன்றாக ஓடும். வேறொரு பொறியில் திடீரென விழும். தீர்வோ, தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் ஒரே வரி!

அப்பழைய விதியை 1999ஆம் ஆண்டு நியமமே நீக்கிவிட்டது. எனினும் கம்பைலர்கள் நெடுங்காலம் எச்சரிப்பதோடு நின்றன. 2024இல் வெளிவந்த ஜி.சி.சி. 14ஆம் பதிப்பு அதனை இயல்பாகப் பிழையென நிறுத்தியது.

அன்பர்களே, ஒரே வகைமாற்றம் ஓரிடத்தில் மருந்து. மற்றோரிடத்தில் நோயை மறைக்கும் போர்வை. எச்சரிக்கைகள் பல வந்தால், முதலில் வந்ததை முதலில் வாசியுங்கள். சார்பு அறிவிக்கப்படவில்லை என்ற செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். காரணத்தை அறிந்த பின்னரே கை வையுங்கள்.